பிராசசர் பெருகியும் வேகம் குறைந்தது ஏன்?

வேலை தாமதப்பட்டால் ஆளைக் கூட்ட வேண்டும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் அறிவுரை. கல்யாண வீட்டில் பந்தி தாமதித்தால் பரிமாறுவோரைக் கூட்டுகிறோம். அறுவடை தாமதித்தால் அடுத்த ஊரிலிருந்து ஆள் வரவழைக்கிறோம். பெரும்பாலும் இவ்வறிவுரை பலிக்கவும் செய்கிறது. ஆயின், பலியாத இடங்களும் உண்டு. ஆளைக் கூட்டியதனாலேயே வேலை மேலும் தாமதப்படும் இடங்களும் உண்டு. அத்தகைய ஒன்றைப் பேகம்பேட்டில் என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே காண நேர்ந்தது. நம் சங்கக் குடும்பங்களில் கணினித் தொழிலுக்குச் செல்லும் பிள்ளைகள் பலர் இருப்பதால், அதனை இங்கே எழுதுதல் பயன்படும் என்று கருதுகிறேன்.

என் அக்காள் மகன் எங்களோடு தங்கி, நாள்தோறும் எம்.எம்.டி.எஸ். ரயிலில் ஹைடெக் சிட்டிக்குச் சென்று வருகிறான். அவன் பணி புரியும் நிறுவனம், பிற நிறுவனங்களின் ஊழியர்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுத் தருவது. காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், அலுவலகச் சமையற்கூடங்களில் வேலை செய்வோர் ஆகியோரே அக்கணக்கில் மிகுதி. அவர்களுள் நம் தமிழ்க் குடும்பத்தாரும் உளர். மாதக் கடைசி இரவில் கணக்கு முடிந்து, விடியுமுன் வங்கிக்குச் சென்றால்தான் மறுநாள் சம்பளம் கைக்கு வரும்.

அக்கணக்கு முன்பு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது. சில மாதங்களில் அது 3 மணி நேரமாக வளர்ந்தது. கணக்குப் போடும் கணினிக்கு அப்போது 2 பிராசசர்கள் இருந்தன. இவன் யோசித்து, "பிராசசரைக் கூட்டினால் சரியாகும்" என்று மேலதிகாரிக்கு எழுதினான். அவரும் இசைந்தார். 2 என்பது 12 ஆயிற்று. அம்மாதக் கடைசியில் கணக்கு 5 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வங்கிக்கு உரிய நேரம் தவறியது. இடையில் விடுமுறையும் வந்துவிட்டமையால் சம்பளம் இரண்டு நாள் பிந்தியது. இரண்டு நாள் என்பது நமக்குச் சிறிதாகத் தோன்றலாம். முதல் தேதியில் வாடகையை எதிர்நோக்கி வீட்டுக்காரர் வாயிலில் நிற்கும்போது அது சிறிதன்று.

பையனோ இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருப்பவன். "மாமா, நான் கேட்டுத்தான் கூட்டினார்கள். இன்னும் 4 பிராசசர் கேட்கலாமா என்று பார்க்கிறேன்" என்றான். "முதலில் கூட்டியது ஏன் பலிக்கவில்லை என்பது தெரிந்ததா?" என்று கேட்டேன். அவனிடம் விடையில்லை. மெட்ரிகுலேஷனுக்கு மேல் படியாத எனக்கும் விடை தெரியாது. ஆயினும் அன்று தொடங்கி நான்கைந்து இரவுகள் இருவரும் அமர்ந்து, அவன் கணினியில் உள்ள அளவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பார்க்கப் பார்க்க, நான் இருபது ஆண்டுகளாக ரயில்வேயில் கண்டு வரும் காட்சிகளே அங்கும் இருப்பதைக் கண்டு வியந்தேன்.

ஒண்டுக் குடித்தனமும் ஒரே குழாயும்

முதலில் ஒன்றை விளக்கிக் கொள்ள வேண்டும். அவன் 'கணினி' என்று சொன்னது மேசை மேல் வைத்த பெட்டியன்று. அது 'வர்ச்சுவல் மெஷின்', அஃதாவது மெய்நிகர்க் கணினி. பெரிய சர்வர் ஒன்றில் பல கணினிகள் தனித்தனியே இருப்பன போலத் தோன்றும்படி செய்யும் ஏற்பாடு இது. இக்கருத்து புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960-களிலேயே அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த தம் ஆய்வு நிலையத்தில் இதனைச் செய்து பார்த்தனர், 1972-இல் 'வி.எம்./370' என்ற பெயரில் வெளியிட்டனர். 1998-இல் தோன்றிய வி.எம்.வேர் நிறுவனம், 1999 முதல் இதனைச் சாதாரணக் கணினிகளுக்கும் கொண்டு வந்தது. இன்று அலுவலகச் சர்வர்களுள் மிகப் பல இவ்வாறே இயங்குகின்றன.

இதனை நம் ஒண்டுக் குடித்தனத்துக்கு ஒப்பிடலாம். வீடு ஒன்று, அதில் பல குடித்தனங்கள். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி அடுப்பும் தனிக் கதவும் உண்டு. ஆனால் முற்றத்துக் குழாய் பொது. 'ஹைப்பர்வைசர்' என்ற மென்பொருளே வீட்டுக்காரர். குழாயில் யார் எப்போது பிடிக்கலாம் என்று முறை வகுப்பவர் அவரே.

இங்கே குழாய் என்பது சர்வரிலுள்ள உண்மையான பிராசசர். மெய்நிகர்க் கணினிக்குக் கொடுக்கப்படும் பிராசசர் என்பது குழாயன்று, அது குடம். எங்கள் பையன் 2 குடத்துக்குப் பதிலாக 12 குடம் வாங்கி வைத்தான். குடம் கூடியது. தண்ணீர் கூடிற்றா? அந்தச் சர்வரில் உண்மையான பிராசசர்கள் 16. மற்றக் குடித்தனங்கள் ஏற்கெனவே 30 குடங்களை வரிசையில் வைத்திருந்தன. இவனுடைய 12-ஐயும் சேர்த்து 42 குடங்கள் 16 குழாய்களை நோக்கி நின்றன.

இவ்வாறு இருப்பைக் காட்டிலும் மிகுதியாகப் பங்கிடுவது தவறன்று. எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர் பிடிப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் ஒண்டுக் குடித்தனமே நடைபெறுகிறது. ஆனால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தேவை வந்தால் வரிசை நீளும். மாதக் கடைசி இரவு அப்படிப்பட்ட நேரம்.

தயாராக நின்றும் புறப்படாத வண்டி

வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு 1874-இல் போடப்பட்ட பாதையில் நம் பேகம்பேட் நிலையம் இருக்கிறது. அப்பாதையில் வருவோர் யாவரும் அறிந்த அனுபவம் ஒன்றுண்டு. செகந்திராபாத் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எஞ்சினில் கோளாறு இராது. பிரயாணிகள் மூட்டை முடிச்சுகளுடன் வாயிலில் நிற்பர். ஆனால் வண்டி நகராது. காரணம், உள்ளே பிளாட்பாரம் காலியில்லை. வண்டியிலுள்ளவர் கடிகாரத்தைப் பார்த்து, "வண்டி மிக மெதுவாக வருகிறது" என்பர். வண்டி மெதுவானதன்று, நிறுத்தி வைக்கப்பட்டது.

மெய்நிகர்க் கணினியிலும் இந்த நிலைக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு 'ரெடி டைம்' என்று பெயர். வேலை இருக்கிறது, செய்ய ஆயத்தமாகவும் இருக்கிறது, ஆனால் உண்மையான பிராசசர் கிடைக்காமல் நின்ற நேரம் என்பது அதன் பொருள். வி.எம்.வேர் ஏற்பாட்டில் இது 20 விநாடிக்கு ஒருமுறை மில்லி விநாடிக் கணக்கில் காட்டப்படுகிறது. 20 விநாடி என்பது 20,000 மில்லி விநாடி. அதில் ஒரு பிராசசர் 1,000 மில்லி விநாடி காத்திருந்தால் அது 5 விழுக்காடு. ஒரு பிராசசருக்கு 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை என்பதும், 10-ஐ எட்டினால் பயனாளர் உணரத்தக்க தாமதம் என்பதும் இத்தொழிலார் கைக்கொள்ளும் அளவு.

எங்கள் பையனின் கணினியில் 12 பிராசசருக்கும் சேர்த்து 24,000 என்று காட்டியது. பன்னிரண்டால் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 2,000; அஃதாவது 10 விழுக்காடு. மொத்தத் தொகையைப் பார்த்து மருள்வதும் தவறு, வகுக்காமல் விடுவதும் தவறு. பழைய 2 பிராசசர்க் காலத்தில் இதே அளவு 2 விழுக்காட்டையும் எட்டவில்லை என்பதைப் பழைய பதிவுகளில் கண்டோம். பிளாட்பாரத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தியவர்கள் நாமே என்பது விளங்கிற்று.

எட்டுப் படுக்கையும் ஒரே இடத்தில்

இன்னொரு காரணம் இதனினும் நுட்பமானது. ஊருக்குச் செல்ல இரண்டு டிக்கெட் கேட்பவருக்கு எங்கேனும் இடம் கிடைத்துவிடும். எட்டுப் பேருக்கும் ஒரே அறையில் அடுத்தடுத்துப் படுக்கை வேண்டும் என்று கேட்பவர் காத்திருக்கத்தான் வேண்டும். வண்டியில் ஐம்பது இடம் காலியாக இருக்கலாம். அவை சிதறிக் கிடந்தால் அவருக்குப் பயனில்லை.

பல பிராசசர் கொண்ட மெய்நிகர்க் கணினியும் அத்தகைய பெரிய குடும்பம். உள்ளேயிருக்கும் இயக்க மென்பொருள், தன் பிராசசர்கள் யாவும் ஒருங்கே நடைபோடுகின்றன என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. சில நடந்து, சில நெடுநேரம் நின்றுவிட்டால் குழப்பம் விளையும். ஆதலால் வி.எம்.வேரின் ஆரம்பகால ஈ.எஸ்.எக்ஸ். சர்வர் மென்பொருளில் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் இடம் தரவேண்டும் என்ற கட்டாயம் கடுமையாக இருந்தது. 2006-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது தளர்த்தப்பட்டது. இப்போது முன்னே சென்றவை மட்டும் சற்று நிறுத்தப்படுகின்றன, பின்தங்கியவை வந்து சேரும் வரையில். அந்த நிறுத்தத்துக்குக் 'கோ-ஸ்டாப்' என்று பெயர். தளர்த்தப்பட்டதேயன்றி அடியோடு நீங்கவில்லை. குடும்பம் பெரிதாகப் பெரிதாக நிறுத்தமும் வளரும்.

இதனோடு ஒட்டிய தொல்லை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒற்றைத் தடப் பாதையில் டோக்கன் இன்றி வண்டி செல்லலாகாது என்பது பழைய ரயில்வே முறை. டோக்கனைக் கையில் வைத்திருப்பவர் வழியிலே நின்றுவிட்டால் இருபுறமும் எல்லாரும் நிற்க வேண்டியதே. கணினிக்குள்ளும், ஒரு பொதுக் கணக்கைத் திருத்தும் பிராசசர் ஒரு பூட்டைப் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சமயத்தில் வீட்டுக்காரர் அதனைக் குழாயிலிருந்து விலக்கிவிட்டால், மற்றவை பூட்டுத் திறக்குமா என்று பார்த்துப் பார்த்தே தம் முறையை வீணாக்குகின்றன. வேலை செய்வது போலவே தோன்றும், வேலை நடவாது.

இரண்டு உக்கிராண அறைகள்

அந்தச் சர்வரின் 16 பிராசசர்களும் ஒரே கூட்டமாக இல்லை. எட்டெட்டாக இரண்டு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பக்கத்திலேயே தனி நினைவகம் உண்டு. பெரிய கல்யாணச் சமையலில் இரண்டு அடுப்படியும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் உக்கிராண அறையும் இருப்பது போல என்க. தன் அறையிலிருந்து பருப்பை எடுப்பது எளிது. அடுத்த அடுப்படியின் அறைக்கு ஓடி எடுத்து வருவது தாமதம். இவ்வமைப்புக்கு 'நூமா' என்று பெயர். 8-க்குள் அடங்கும் கணினி ஒரு பக்கத்திலேயே குடியிருக்கும். 12 கேட்டவுடன் அது இரண்டு பக்கமும் பரவியது. அடிக்கடி அடுத்த அறைக்கு ஓட வேண்டியதாயிற்று.

நறுக்குவதும் கொதிப்பதும்

இவை யாவும் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். குழாய்கள் தாராளமாக இருக்கின்றன என்றும் கொள்வோம். அப்போதேனும் 12 பேர் 12 மடங்கு வேகம் தருவரா? தாரார். இதனை ஜீன் அம்தால் என்ற கணினி வல்லுநர் 1967-இல் எடுத்துக்காட்டினார். சாம்பாருக்குக் காய் நறுக்க ஒருவருக்கு 60 நிமிடம், பிறகு கொதிக்க 40 நிமிடம் என்போம். ஒருவர் இருந்தால் 100 நிமிடம். இருவர் நறுக்கினால் 30-உம் 40-உம் சேர்ந்து 70. நால்வரானால் 55. பன்னிருவரானால் 45. நூறு பேரை உட்கார வைத்தாலும் 40-க்குக் கீழ் வாராது. கொதிக்கும் நேரத்தை ஆள் கூட்டிக் குறைக்க முடியாது.

எங்கள் ரயில்வே முன்பதிவிலும் இதனைக் காணலாம். கணினி முன்பதிவு 1985-இல் புது தில்லியில் முன்னோட்டமாகத் தொடங்கியது. பல ஊர் மையங்களை இணைக்கும் 'கான்செர்ட்' மென்பொருள் முதன்முதல் 1994-இல் நம் செகந்திராபாத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. 1999-இல் ஐந்து மையங்களும் ஒன்றாக இணைந்தன. 2002 முதல் வீட்டிலிருந்தே டிக்கெட் எடுக்கும் வசதியும் வந்தது. ஜன்னல்கள் எவ்வளவோ பெருகின. ஆயினும் ஒரு படுக்கையை இருவருக்கு விற்க முடியாது. ஒருவர் பெயரில் அது எழுதப்படும் கணத்தில் அதனையே கேட்கும் மற்றவர் நின்றுதான் ஆகவேண்டும். பங்கிடத்தக்க வேலை எது, பங்கிடத்தகாத வேலை எது என்று பிரித்துப் பாராமல் ஆளைக் கூட்டுவதில் பொருளில்லை.

அன்றியும், ஆள் கூடினால் பேச்சும் கூடும். நால்வர் ஒருவரோடொருவர் கலந்துகொள்ள 6 இணைப்புகள் போதும். எட்டுப் பேருக்கு 28 வேண்டும். மென்பொருள் எழுதுவோரைப் பற்றி ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதிய நூலில், பிந்திய பணியில் ஆளைக் கூட்டினால் அது மேலும் பிந்தும் என்று சொன்னதும் இதனாலேயே. எங்கள் பையனின் தரவுத்தளமும் அப்படித்தான் செய்தது. 12 பிராசசரைக் கண்டவுடன் ஒவ்வொரு கேள்வியையும் பல துண்டாக்கி எல்லாவற்றுக்கும் கொடுத்தது. பின்னர் ஒவ்வொரு துண்டும் மற்றவற்றுக்காகக் காத்திருந்தது.

நோயின் மூலம் வேறிடத்தில்

இவ்வளவும் 3 மணி 5 மணியானதற்குக் காரணம். ஒரு மணி 3 மணியானது ஏன்? அக்கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. பழைய பதிவுகளைப் பார்த்தால், 2 பிராசசர் இருந்த நாளிலும் அவை 30 விழுக்காட்டுக்கு மேல் உழைக்கவில்லை. அஃதாவது பிராசசர் பற்றாக்குறை தொடக்கத்திலிருந்தே இல்லை! அவை எதற்கோ காத்திருந்தன. எதற்கு என்று பார்த்தோம். வட்டிலிருந்து, அஃதாவது டிஸ்கிலிருந்து, தகவல் வருவதற்கு.

அங்கே அகப்பட்டது மூலம். ஐந்து மாதங்களுக்கு முன் மென்பொருளைப் புதுப்பித்தபோது, பழுது நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று 'ஸ்னாப்ஷாட்' ஒன்று எடுத்திருந்தனர். பிறகு அதனை நீக்க மறந்துவிட்டனர். ஸ்னாப்ஷாட் எடுத்தால் பழைய ஏடு மூடப்படும்; அதற்குப் பின் வரும் மாற்றங்கள் வேறோர் ஏட்டில் எழுதப்படும். எங்கள் அலுவலகத்தில் விதிப் புத்தகத்தோடு கரெக்‌ஷன் ஸ்லிப்புகளும் இருக்கும். ஒரு விதியைப் பார்க்க முதலில் ஸ்லிப்பைப் புரட்டி, அதில் இல்லையென்றால் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். ஸ்லிப்புகள் சில என்றால் தொல்லையில்லை. புத்தகத்தைக் காட்டிலும் ஸ்லிப்புகள் பருத்துவிட்டால்? ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருத்தல் வேண்டாம் என்பது வி.எம்.வேரின் அறிவுரை. இங்கே அது ஐந்து மாதம் இருந்தது.

செய்த பரிகாரம்

இரண்டையும் ஒரே நாளில் திருத்திவிடலாம் என்றான் பையன். நான் வேண்டாமென்றேன். இரு மருந்தை ஒருசேர உண்டால் எது குணப்படுத்தியது என்று எப்படி அறிவது? முதலில் 12 பிராசசரை 4 ஆகக் குறைக்கச் செய்தான். அதே கணக்கை ஓட்டிப் பார்த்ததில் 3 மணி நேரம் ஆயிற்று. ரெடி டைம் 2 விழுக்காட்டுக்குள் வந்தது. அடுத்த குடித்தனத்தில் இருந்த வருகைப் பதிவுக் கணினியும் தாமதம் நீங்கி ஓடலாயிற்று. அதன் தாமதத்துக்கும் நாமே காரணம் என்பதை அப்போதுதான் அறிந்தோம். பின்னர், பிரதி ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, ஞாயிறு இரவில் ஸ்னாப்ஷாட்டை மூல ஏட்டோடு சேர்த்தனர். அச்சேர்க்கையே வட்டுக்குப் பெருஞ்சுமை ஆதலால் வேலையில்லாத நேரத்தில்தான் செய்யவேண்டும். மறுமுறை ஓட்டியபோது கணக்கு 1 மணி 10 நிமிடத்தில் முடிந்தது.

இத்துறையில் இறங்கும் இளைஞருக்காக, நாங்கள் கற்ற வரிசையைச் சுருக்கிச் சொல்கிறேன். மாற்றுமுன் அளவுகளை எழுதிவைக்கவும். உள்ளே பிராசசர்கள் உண்மையிலேயே உழைக்கின்றனவா என்று முதலில் பார்க்கவும். உழைக்கவில்லையென்றால் வட்டையும் நினைவகத்தையும் வலைப்பின்னலையும் ஆராயவும். உழைக்கின்றனவென்றால் ரெடி டைமையும் கோ-ஸ்டாப்பையும் பார்க்கவும். அவை மிகுந்திருந்தால் கூட்டுவதற்குப் பதில் குறைக்கவும், அல்லது கூட்டம் குறைந்த வேறு சர்வருக்குக் குடி மாற்றவும். எல்லாப் பிராசசரும் ஓயாது உழைத்து, ரெடி டைமும் குறைவாக இருந்து, வேலையும் பங்கிடத்தக்கதாக இருந்தால் மட்டுமே கூட்டவும். அப்போது கூட்டுவது தக்க மருந்தே.

கடினமான பகுதி இதற்குப் பின்னர் இருந்தது. "நான் சொன்ன யோசனை தவறு என்று நானே எப்படி எழுதுவேன் மாமா?" என்றான். "எங்கள் கணக்கில் நேர்ந்த பிழையை நாங்களே சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்திட்டால் அது திருத்தம். ஆடிட்டர் வந்து கண்டால் அது குற்றம். இரண்டுக்கும் பிழை ஒன்றுதான்" என்றேன். அன்றிரவு அவன் ஒரு பக்கத்தில் எல்லா அளவுகளையும் தேதியோடு எழுதி, கூட்டச் சொன்னது தன் தவறென்றும் ஒப்புக்கொண்டு அனுப்பினான். மேலதிகாரி புகழவுமில்லை, கடியவுமில்லை. புதிய சர்வர் வாங்க இருந்த விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தார். பையனின் பணி உறுதியாகும் ஆணை இன்னும் வரவில்லை. வரும் என்று நம்புகிறோம்.

அடுத்த மாதம் முதல் தேதி காலை, எங்கள் தெருவில் குடியிருக்கும் அம்மையார் ஒருவர், அலுவலகத் துப்புரவு வேலைக்குச் செல்பவர், கடைத்தெருவில் என் மனைவியைக் கண்டு, "இம்மாதம் சம்பளம் வேளையோடு வந்துவிட்டது" என்று சொல்லி வாடகை கொடுக்கச் சென்றாராம். அதற்கு யார் காரணம் என்பது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பையனிடம் சொன்னேன். அவன் பதிலேதும் கூறாமல் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் புறப்பட்டான்.